டிஸ்பாட்சர் வேலைக்கு உங்கள் அனுபவத்தை எப்படி எடை போடுகிறார்கள்

போன மாதம் ஹூஸ்டனிலிருந்து என் நாத்தனார் மகன் போன் செய்தான். "அத்தை, ஆறு வருஷமா ஏர்போர்ட்லதான் வேலை பார்க்கிறேன். டிஸ்பாட்சர் லைசென்ஸும் எடுத்துட்டேன். மூணு பெரிய ஏர்லைனுக்குப் போட்டேன், ஒருத்தர்கூட இன்டர்வியூவுக்குக் கூப்பிடல. அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்டான். ரெஸ்யூமேயை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். முதல் வரியே "விமானத் துறையில் 6 ஆண்டு அனுபவம்". கீழே போனால் ஆறு வருடமும் ராம்ப்பில், அதாவது விமானங்கள் நிற்கும் தளத்தில், பெட்டி ஏற்றி இறக்கிய வேலை. வெயிலிலும் மழையிலும் நின்று செய்கிற வேலை, அதைக் குறைவாக நினைக்க மாட்டேன். ஆனால் அந்த வரியைப் படிக்கிறவருக்கு இந்தப் பையனுக்கு என்ன தெரியும் என்று ஒன்றுமே பிடிபடாது.

நான் அமெரிக்காவில் பதினோரு வருடமாக ஃபிளைட் டிஸ்பாட்சர், தரையில் இருந்தபடி விமானப் பயணங்களைத் திட்டமிட்டு அனுப்புகிற வேலை. முதல் நான்கு வருடம் ஒரு சின்ன ரீஜனல் ஏர்லைனில், அப்புறம் ஒரு பெரிய ஏர்லைனில். கடந்த மூன்று வருடமாக ஆள் எடுக்கும் குழுவிலும் உட்காருகிறேன். எங்கள் நிறுவனத்தின் கேள்விகளை இங்கே சொல்ல மாட்டேன், அது முறையில்லை. அனுபவத்தை எப்படிப் பார்க்கிறோம், அதை நீங்கள் எப்படிச் சேர்க்கலாம், எப்படி எழுதலாம், எப்படிப் பேசலாம் என்பதைச் சொல்கிறேன். அன்று அவனிடம் ஒன்றரை மணி நேரம் பேசியதுதான் இது.

கையெழுத்து யாருடையது?

முதலில் இந்த வேலையைப் புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் பார்ட் 121 என்ற விதிகளின் கீழ் பறக்கும் ஏர்லைன்களில், அட்டவணைப்படி போகும் ஒவ்வொரு விமானத்துக்கும் டிஸ்பாட்ச் ரிலீஸ் என்று ஒரு ஆவணம் உண்டு. எந்த வழி, எவ்வளவு எரிபொருள், இறங்க முடியாவிட்டால் எந்த மாற்று விமான நிலையம் என்று எல்லாம் அதில் இருக்கும். அதில் கேப்டன் கையெழுத்தும் வேண்டும், டிஸ்பாட்சர் கையெழுத்தும் வேண்டும். அந்தப் பயணத்துக்கு இருவருமே சட்டப்படி பொறுப்பு. விமானம் இறங்கும்வரை டிஸ்பாட்சர் அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், பாதுகாப்பு இல்லை என்று தோன்றினால் நிறுத்தவும் வேண்டும். 1938-ல் வந்த சிவில் ஏரோநாட்டிக்ஸ் சட்டத்திலிருந்து டிஸ்பாட்சருக்கு லைசென்ஸ் கட்டாயம்.

ஆகவே ஒரு ரெஸ்யூமேயை எடுத்ததும் எங்கள் கண் தேடுவது ஒன்றைத்தான்: இவர் தன் பெயரைப் போட்டு விமானம் அனுப்பியிருக்கிறாரா? எத்தனை வருடம் ஏர்போர்ட்டில் இருந்தார் என்பது அதற்கு அப்புறம்தான் வரும்.

லைசென்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்துத் தேர்வு எழுத 21 வயது, லைசென்ஸ் கையில் கிடைக்க 23 வயது. தேர்வில் 80 கேள்வி, தேற 70 மதிப்பெண். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த படிப்பு குறைந்தது 200 மணி நேரம். நான் ஆறு வாரத்தில் முடித்தேன். அப்புறம் வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும். ராணுவத்தில் பைலட்டாகவோ வானிலை ஆளாகவோ, அல்லது ஏர் டிராஃபிக் கன்ட்ரோலராகவோ கடந்த மூன்று வருடத்தில் இரண்டு வருடம் இருந்திருந்தால், அந்தப் படிப்பு இல்லாமலே தேர்வுக்குப் போக விதி இடம் தருகிறது. அதுவரை சரி. ஆனால் எங்கள் மேசைக்கு வரும் அத்தனை பேரிடமும் இந்த லைசென்ஸ் இருக்கிறது. அது வாசலில் நுழைய விடும் சீட்டு. அதைப் படிப்புப் பகுதியில் எழுதுங்கள், அனுபவத்தோடு கலக்காதீர்கள்.

பெரிய ஏர்லைன் விளம்பரங்களில் பார்ட் 121 டிஸ்பாட்ச் அனுபவம் இரண்டு வருடம் என்பதுபோல் ஒரு வரி அடிக்கடி இருக்கும். ஏன் இரண்டு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நான் புரிந்துகொண்ட காரணம் இதுதான். இரண்டு வருடம் டிஸ்பாட்ச் மேசையில் இருந்தவர் இரண்டு பனிக்காலத்தையும் இரண்டு இடி மழைக்காலத்தையும் பார்த்திருப்பார். முதல் வருடம் எல்லாமே புதிது, பக்கத்து மேசைக்காரரைக் கேட்டுக் கேட்டுத்தான் ஓடும். இரண்டாவது வருடம் அதே பனி திரும்பி வரும்போதுதான் நம் மூளையில் என்ன தங்கியது என்று தெரியும்.

அந்த இரண்டு வருடத்துக்குள்ளும் எடை வேறுபடும். ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை விமானம் பார்த்தீர்கள் என்று கேட்போம். ரீஜனலில் எனக்கு நாற்பத்தைந்துக்கு மேல் போன நாட்கள் உண்டு. அந்த வேகம் நல்ல பயிற்சி. ஆனால் எண்ணிக்கையைவிட எந்த மாதிரி விமானங்கள் என்பதைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். பனிக்காலத்தில் ஆஸ்பெனுக்கு விமானம் அனுப்பியவர் என்றால் நிமிர்ந்து உட்காருவேன். கொலராடோ மலைக்குள் கிட்டத்தட்ட 7,800 அடி உயரத்தில் இருக்கும் இடம் அது. சாதாரணமாக ஒரு திசையில் இறங்கி எதிர்த் திசையில் கிளம்ப வேண்டும். காற்று கொஞ்சம் பின்னாலிருந்து அடித்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும். எத்தனை பேரை ஏற்றலாம், எவ்வளவு எரிபொருள் போடலாம் என்று ஒவ்வொரு பவுண்டாக எண்ண வேண்டியிருக்கும். இதைச் செய்தவருக்கு எடை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. அதேபோல, நெவார்க்குக்கும் சிகாகோ ஓஹேருக்கும் ஏர் டிராஃபிக் கன்ட்ரோல் தாமத உத்தரவு போட்ட நாட்களில் பத்துப் பதினைந்து விமானங்களுக்கு ஒரே நேரத்தில் நேரம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்தவர் என்றாலும் நிமிர்ந்து உட்காருவேன். இவற்றையெல்லாம் ரெஸ்யூமேயில் பெயர் சொல்லி எழுதுங்கள். "பலவகை விமான நிலையங்கள்" என்று எழுதினால் ஆஸ்பென் அதற்குள் காணாமல் போய்விடும்.

எந்த விமான வகை, எந்தத் திட்டமிடும் மென்பொருள், கடல் தாண்டிய வழித்தடங்கள் உண்டா, இதெல்லாம் ஒரு வரியில் இருந்தால் போதும். மென்பொருளைக் கற்றுக்கொடுத்துவிடலாம், அதை வைத்து நான் யாரையும் தள்ளியதில்லை.

கையெழுத்து இல்லாத அனுபவம்

நாத்தனார் மகன் மாதிரி ஆட்கள்தான் அதிகம். அவர்களுக்கு என் நேரான யோசனை: முதல் வேலையை ரீஜனல் ஏர்லைனில் தேடுங்கள். புதிதாக லைசென்ஸ் எடுத்தவரை எடுத்துப் பயிற்சி கொடுத்து உட்கார வைப்பது பெரும்பாலும் அவர்கள்தான். யூட்டாவின் செயின்ட் ஜார்ஜோ, மின்னியாபொலிஸோ, ஊர் எதுவானாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகத் தயாராக இருங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. பெரிய ஏர்லைனுக்குள்ளேயே லோட் பிளானிங், க்ரூ ஷெட்யூலிங், டிஸ்பாட்சருக்கு உதவியாளர் போன்ற வேலைகளில் சேர்ந்து, உள்ளே இருந்தபடி மேசைக்கு நகர்வது. இதில் காத்திருப்பு நீளும். ஆனால் உங்களோடு வேலை பார்த்தவர்களே உங்களுக்காகப் பேசுவார்கள், அதற்கு எடை அதிகம்.

இந்தப் பக்கத்து வேலைகளில் எதை எடுத்துக் காட்டுவது? லோட் பிளானிங்கில் இருந்தவருக்கு எடையும் சமநிலையும் கைவந்த கலை. க்ரூ ஷெட்யூலிங்கில் இருந்தவருக்கு, ஒரு விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் அந்த பைலட்டின் வேலை நேரம் எங்கே முடியும் என்று மனக்கணக்கிலேயே தெரியும். பார்ட் 135 என்ற வேறு விதிகளின் கீழ் வாடகைக்குப் பறக்கும் சார்ட்டர் நிறுவனத்தில் விமானங்களைக் கண்காணித்தவருக்கு வானிலையும் வாடிக்கையாளர் நெருக்கடியும் தெரியும். ஆனால் கேப்டனோடு சேர்ந்த பொறுப்பு அங்கே இருந்திருக்காது. அதை டிஸ்பாட்ச் அனுபவம் என்று எழுதிவிடாதீர்கள். ஒரே கேள்வியில் தெரிந்துவிடும், அதற்கு அப்புறம் நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளின் மேலும் சந்தேகம் விழும். என்ன செய்தீர்களோ அதையே எழுதுங்கள், அதுவே போதுமான அளவு நன்றாக இருக்கும்.

ராம்ப் பையனிடம் நான் துருவித் துருவிக் கேட்டேன். மின்னல் அடிக்கும்போது என்ன செய்வீர்கள்? "ராம்ப்பை மூடிடுவோம் அத்தை, யாரும் வெளியே போகக் கூடாது." கடைசி மின்னலிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று யார் கடிகாரம் பார்ப்பது? "இரண்டு வருஷமா நான்தான், லீடா இருந்தேன்ல." எத்தனை விமானம் நிற்கும்? எதை முதலில் எடுப்பீர்கள்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: இணைப்பு விமானம் பிடிக்க வேண்டிய பயணிகள் அதிகம் இருக்கிற விமானத்தை முதலில் தள்ளிவிடுவானாம், அதற்கு ஆபரேஷன்ஸ் ஆளிடம் முன்கூட்டியே பேசி வைப்பானாம். அப்புறம் இன்னொன்று சொன்னான். ஒருநாள் முன் சரக்கு அறையில் போக வேண்டிய பெட்டிகள் பின் சரக்கு அறையில் ஏறியிருந்ததைச் சுமைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்து, கதவை மூட விடாமல், எடைக் கணக்குப் பார்க்கும் லோட் கன்ட்ரோலைக் கூப்பிட்டிருக்கிறான். விமானம் பதினொரு நிமிடம் தாமதம். மேலாளர் முகம் சுளித்தாராம்.

"டேய், இதை ஏண்டா எழுதல?" என்று கத்தியே விட்டேன். நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்ற நெருக்கடியில் விமானத்தை நிறுத்தியிருக்கிறான். டிஸ்பாட்சர் செய்ய வேண்டியதும் அதுதான். அந்தப் பதினொரு நிமிடம் அவனுடைய ஆறு வருடத்தைவிட அதிகம் பேசும்.

சென்னை, கொழும்பு, வளைகுடா நாடுகளில் டிஸ்பாட்ச் வேலை பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்களும் கேட்கிறார்கள். நீண்ட தூர வழித்தடங்கள், இரண்டு என்ஜின் விமானத்தைக் கடல் மேல் அனுப்பும் விதிகள், இதெல்லாம் உங்களுக்கு இங்குள்ள ரீஜனல் ஆட்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். ஆனாலும் இங்கே மேசையில் உட்கார எஃப்.ஏ.ஏ. லைசென்ஸ் வேண்டும். பல நாடுகளில் சட்டப் பொறுப்பு கேப்டனிடம் மட்டும் இருப்பதால், "நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு இருந்ததா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டு, கேப்டனை மாற்று முடிவுக்குக் கொண்டுவந்த ஒரு நாளைச் சொல்லுங்கள். இங்கே வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்பதை முதலிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். விசா கொடுத்து இந்த வேலைக்கு ஆள் எடுத்து நான் பார்த்ததில்லை.

ஒரு விமானத்தை எப்படிச் சொல்வது

பெரிய ஏர்லைன் இன்டர்வியூவில் நான் சொன்ன கதையையே சொல்கிறேன். ரீஜனலில் எனக்கு ஐந்தாவது மாதம். ஏப்ரல் மாதச் சாயங்காலம். ஆல்பகர்க்கியிலிருந்து டல்லஸுக்கு ஒரு எம்ப்ரேயர் 175 விமானம். நாங்கள் ஒன்று-இரண்டு-மூன்று என்று சொல்லும் விதி ஒன்று உண்டு: போய்ச் சேரும் நேரத்துக்கு ஒரு மணி முன்னாலிருந்து ஒரு மணி பின்வரை, மேகத்தின் அடிப்பகுதி 2,000 அடிக்கும், பார்வைத் தூரம் 3 மைலுக்கும் குறையாமல் இருந்தால் மாற்று விமான நிலையம் தேவையில்லை. அன்று டல்லஸ் முன்னறிவிப்பில் இடையிடையே இடி மழை, 1,500 அடி, 2 மைல். ஆகவே மாற்று வேண்டும். அது கட்டாயமானால் டல்லஸ் வரைக்கும், அங்கிருந்து மாற்று நிலையம் வரைக்கும், அதற்கு மேல் 45 நிமிடத்துக்கும் எரிபொருள் வேண்டும்.

நான் வேக்கோவைப் போட்டேன். பக்கம், எரிபொருள் குறைவு, அதன் முன்னறிவிப்பும் விதிக்கு உட்பட்டது. சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. பக்கத்து மேசையில் இருந்த மூத்தவர் என் திரையை எட்டிப் பார்த்தார். ரேடாரில் இடி மேகங்கள் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஒரே கோடாக நின்று கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தன. "இந்தக் கோடு டல்லஸ் மேலே இருக்கும்போது வேக்கோ மேலே என்ன இருக்கும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதே கோடுதான் இருக்கும். அதோடு, டல்லஸுக்கு வரும் மற்ற எல்லாரும் பக்கத்திலிருக்கும் அதே ஊரைத்தான் குறித்திருப்பார்கள், நிறுத்த இடம்கூட இருக்காது.

அபிலீனுக்கு மாற்றினேன். அது டல்லஸுக்கு மேற்கே, கோடு ஏற்கெனவே கடந்து போன இடம், பின்னால் வானம் தெளிந்துகொண்டிருந்தது. சுமார் 600 பவுண்டு எரிபொருள் கூடுதல். கேப்டனைக் கூப்பிட்டு நான் முதலில் என்ன போட்டேன், ஏன் மாற்றினேன் என்று சொன்னேன். விமானம் டல்லஸுக்கு மேற்கே இருபது நிமிடம் சுற்றியது, அப்புறம் அபிலீனில் இறங்கியது, ஒன்றரை மணி நேரம் கழித்து டல்லஸ் வந்து சேர்ந்தது.

இதைச் சொன்னபோது என் தப்பையும் சேர்த்தே சொன்னேன். மூத்தவர் கேட்டதால்தான் மாற்றினேன் என்பதை மறைக்கவில்லை. அடுத்த மாதம் இதே மாதிரி கோடு வந்தபோது யாரும் கேட்காமலே எப்படிப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். இப்போது மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் தெரிகிறது, அந்த இரண்டாம் பகுதிதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறது.

உங்கள் கதையிலும் இவை இருக்கட்டும்: அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, எந்த எண்ணைப் பார்த்தீர்கள், என்ன முடிவெடுத்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், என்ன ஆனது. நம் ஆட்களிடம் ஒரு பழக்கம். நன்றாகச் செய்ததையெல்லாம் "செய்தோம்" என்றே சொல்வார்கள். "நான்" என்று சொன்னால் தற்பெருமை ஆகிவிடுமோ என்று கூச்சம். எனக்கு அந்தக் கூச்சம் புரியும், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் எதிரில் இருப்பவருக்கு உங்கள் பங்கு எது, குழுவின் பங்கு எது என்று தெரிய வேண்டும். "மற்றவர்கள் இதைச் செய்தார்கள், நான் இதைச் செய்தேன்" என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

முந்தைய ஏர்லைனில் பயிற்சியில் தேறாமல் போயிருந்தால் அதையும் நீங்களே சொல்லுங்கள். பழைய வேலையெல்லாம் விசாரிக்கப்படும். டிஸ்பாட்சர் பாதுகாப்பு சார்ந்த பணி என்பதால் போதைப்பொருள் சோதனையும் உண்டு. ஒருவர் தன் தோல்வியை, எந்த இடத்தில் தடுக்கியது, அப்புறம் என்ன படித்தேன் என்று நிதானமாகச் சொன்னார். அவரை எடுத்தோம். விசாரணையில் தெரியவந்திருந்தால் எடுத்திருக்க மாட்டோம்.

எப்போது நகர்வது

ரீஜனலில் பத்து வருடம் இருந்தவர் பெரிய ஏர்லைனுக்கு வந்தாலும் சீனியாரிட்டி பட்டியலில் கடைசி ஆள்தான். ஷிஃப்ட், விடுமுறை எல்லாம் அந்தப் பட்டியல்படிதான் கிடைக்கும், தொழிற்சங்க ஒப்பந்தம் அப்படி. உங்கள் அனுபவம் வேலை வாங்கித் தரும், பகல் ஷிஃப்ட் வாங்கித் தராது. இங்கே வந்து முதல் நான்கு தீபாவளியும் எனக்கு ராத்திரி வேலை. ஆகவே பெரிய ஏர்லைன்தான் இலக்கு என்றால், இரண்டு வருடம் முடிந்ததும் விண்ணப்பிக்க ஆரம்பித்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டு போகலாம் என்று ஆறு, ஏழு வருடம் காத்திருந்தவர்கள், தங்களைவிட அனுபவம் குறைந்தவருக்குக் கீழே இன்றும் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறார்கள்.

அந்த இரண்டு வருடத்தை வீணாக்காமல் இருக்க ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் உங்களை யோசிக்க வைத்த ஒரே ஒரு விமானம்: தேதி, எங்கிருந்து எங்கே, வானிலை, முதலில் என்ன நினைத்தீர்கள், கடைசியில் என்ன செய்தீர்கள். நிறுவனத்தின் ஆவணத்தையோ கணினித் திரையின் படத்தையோ எடுத்து வராதீர்கள், பயணி பெயரோ பைலட் பெயரோ வேண்டாம். வீட்டுக்கு வந்து உங்கள் ஞாபகத்திலிருந்து ஐந்து வரி எழுதினால் போதும். வருடத்துக்கு ஐந்து மணி நேரம் காக்பிட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த நேரத்தையும் நோட்டோடு செலவிடுங்கள். நீங்கள் அனுப்பிய வழியில் அந்த பைலட் எதற்குப் பெருமூச்சு விடுகிறார் என்று பக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைக்கும்.

நாத்தனார் மகன் ரெஸ்யூமேயை மாற்றி எழுதிவிட்டான். மேலே "ராம்ப் லீட், ஹூஸ்டன்", அதன் கீழே மின்னல் கடிகாரமும் பதினொரு நிமிடமும். லைசென்ஸ் படிப்புப் பகுதிக்குப் போய்விட்டது. நான்கு ரீஜனல்களுக்கு அனுப்பியிருக்கிறான். அதில் ஒன்று அடுத்த வாரம் தொலைபேசியில் பேசக் கூப்பிட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் கேள்வி கேட்க, அவன் பதில் சொல்லிப் பழகுவதாக ஏற்பாடு. ஹூஸ்டனின் அன்றைய வானிலை முன்னறிவிப்பை எடுத்து வைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.